பூவின் முதுகில் சிவப்புக் கோடு

ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுகிற வயது நமக்கு வந்துவிட்டது. என்னோடு ஒன்றாம் வகுப்பில் மண் தரையில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. மீதிப் பேருக்குக் கண்ணில் புரை. அதனால் என் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் பெருமை பேசினால் நீங்கள் சிரிக்காமல் கேட்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு காலத்தில் எனக்குக் கழுகுக் கண் என்று ஊரே சொல்லும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் பார்க்காமல் விட்ட ஒன்றைத்தான் எழுதப் போகிறேன்.

போன மாதம் வாசலூர்பட்டி ஏரிக்கரையில் பஸ்சுக்குக் காத்திருந்தேன். படகில் போக வந்த கூட்டத்தில் ஒரு பையன், காதில் ஒயர் தொங்க, வேலியோரம் குனிந்து ஒரு மஞ்சள் பூவைப் போனில் படம் பிடித்தான். "பாட்டி, இது என்ன பூன்னு இந்த போனே சொல்லிடும் தெரியுமா?" என்றான். பக்கத்திலேயே இருந்த இன்னொரு மஞ்சள் பூவையும் பிடிக்கச் சொன்னேன். அதற்கும் போன் அதே பெயரைச் சொன்னது. "ரெண்டும் ஒண்ணில்ல சாமி. திருப்பிப் பாரு" என்றேன். அவன் போனைத் திருப்பிப் பார்த்தான். பூவைத் திருப்புடா என்று நானே கிள்ளித் திருப்பிக் காட்டினேன். ஒன்றின் முதுகில் மயிரிழை மாதிரி சிவப்புக் கோடுகள். மற்றதில் ஒன்றும் இல்லை, வெறும் மஞ்சள். "சூப்பர் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் படகுக்கு ஓடிவிட்டான். பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எங்கள் ஊர் திண்ணனூர் நாட்டில் இருக்கிறது. அன்று பத்துப் பதினைந்து வீடு. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நாலு. அந்த வருடம் ஆடி முடிந்தும் மழை இல்லை. ஆவணியில் ஒரே ஒரு மழை, அதுவும் ஏமாற்றுகிற மழை. அதை நம்பிச் சாமை விதைத்தார்கள். சாமை கிழவன் தலைமுடி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. பயிர் விட்ட இடத்தையெல்லாம் மஞ்சள் பூ பிடித்துக்கொண்டது.

அந்த மஞ்சளில் இரண்டு வகை இருந்தது. ஒன்று நரிப்பயறு. தானாக முளைக்கும், விதைக்க வேண்டாம். பயறு சின்னதாக இருந்தாலும் வேகவைத்தால் மணக்கும். இல்லாத காலத்தில் அது ஒரு நேரத்துச் சோறு. இன்னொன்று கிலுகிலுப்பையில் ஒரு குள்ள வகை. அதன் காய் உருண்டையாக ஊதி இருக்கும், முற்றினால் ஆட்டும்போது உள்ளே விதை குலுங்கும். அதைக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிக்கொண்டு திரியாத பிள்ளை எங்கள் மலையில் கிடையாது. மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். களையெடுக்கும்போது அதை விடாமல் பிடுங்க வேண்டும் என்பது வழக்கம். ஏன் பிடுங்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். "கூடாதுன்னா கூடாது" என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில். காரணம் யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்திலோ யாரோ பட்ட பாட்டில் வழக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது.

இலையைப் பார்த்துச் சொல்லலாமே என்பீர்கள். இரண்டுக்கும் மூன்று மூன்றாகத்தான் இலை. நல்ல மழை வருடத்தில் நரிப்பயறு கொடியாக ஓடும், கிலுகிலுப்பை நிமிர்ந்து நிற்கும், குருடன்கூடச் சொல்வான். அந்த வருடம் இரண்டும் காய்ந்து சுருண்டு தரையோடு தரையாகக் கிடந்தன. ஆடு வேறு கடித்திருந்தது. காய் பிடிக்கும் வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். ஆகவே பூவைத்தான் பார்க்க வேண்டும். காலையில் பூ விரிந்திருக்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பி, முதுகில் சிவப்புக் கோடு இருந்தால் செடியைப் பிடுங்கு, இல்லாவிட்டால் விடு. வெயில் ஏறினால் பூ மூடிக்கொள்ளும். இந்த வேலைக்குத்தான் என் கண் பேர்போனது.

இனி அத்தையைச் சொல்ல வேண்டும். அத்தை அப்பாவுக்குத் தங்கை. அடிவாரத்தில் கிணறு வெட்டுகிறவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வருடம் கிணற்றுக்குள் மண் சரிந்து அவர் போய்விட்டார். அத்தை ஒரு தகரப் பெட்டியோடு மலை ஏறி வந்தாள். பெட்டி மூடியின் உட்புறத்தில் கை அகலக் கண்ணாடி ஒன்று ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் கண்ணாடியே கிடையாது. என் முகத்தை நான் முதலில் முழுசாகப் பார்த்தது அதில்தான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்த பெண்ணுக்குக் காட்டில் ஒரு துண்டும், தனியாக ஒரு அடுப்பும் கொடுத்துவிட வேண்டும். அண்ணன் வீட்டுப் பானையைப் பார்த்து அவள் நிற்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல வழக்கம் அது. அப்பா மேட்டுக்காட்டில் ஒரு துண்டு கொடுத்தார். அதில் விளைந்ததை அத்தை தனியாக உலையேற்றித் தின்றாள்.

அத்தை சத்தமாகச் சிரிப்பாள். "பொம்பளை சிரிப்பா இது, பலாமரத்துக் குரங்கெல்லாம் ஓடுது" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா திட்டுவாள். அத்தை அதற்கும் சிரிப்பாள். எனக்கு அவள்மேல் உயிர். இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனசு வரவில்லை.

அந்தத் துண்டில் களையெடுக்க என்னைக் கூப்பிட்டாள். மேல்பாதி அவளுக்கு, கீழ்ப்பாதி எனக்கு. "ஒரு நரிப்பயறும் போயிறக் கூடாது கண்ணு, இந்த வருசம் அதுதான் நமக்குச் சோறு. கோடு போட்டதப் பூரா புடுங்கிரு" என்றாள். இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். மூன்றாம் நாள், கீழ்ப்பாதியில் பெரும்பகுதி மிச்சம் இருக்கும்போது, ரோட்டுப் பக்கமிருந்து பிள்ளைகள் கத்தினார்கள். புதிதாகப் போட்ட ரோட்டில் எங்கள் பக்கம் முதல் பஸ் வருகிறதாம். அத்தை மேலே குனிந்திருந்தாள். நான் நழுவினேன்.

பஸ்சைப் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன், சூடாக இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்ததற்கு நாங்கள் எல்லோரும் புதருக்குள் ஓடினோம். திரும்பி வரும்போது வெயில் ஏறி எல்லாப் பூவும் மூடிவிட்டது. இனி எது எது என்று எனக்கும் தெரியாது. "முடிச்சுட்டியா சாமி?" என்று அத்தை மேலிருந்து கேட்டாள். "முடிச்சுட்டேன் அத்தே" என்றேன். அவள் இறங்கிவந்து பார்க்கவில்லை. என் தலையில் கை வைத்து ஒரு கொய்யாப் பழம் கொடுத்தாள். தின்றேன்.

கார்த்திகையில் அறுப்பு. அத்தைக்கு மூன்று குடம் சாமை தேறியது. கிலுகிலுப்பை விதையும் சாமையும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. உரலில் குத்தி, முறத்தில் புடைத்தாலும் அது சாமையோடுதான் விழும். மற்ற வீடுகளில் செடியையே பிடுங்கிவிட்டதால் விதையைத் தேடிப் பொறுக்குகிற பழக்கம் யாருக்கும் இல்லை. அத்தையும் பொறுக்கவில்லை. பொறுக்க அவளுக்கு என்ன காரணம்? நான்தான் முடித்துவிட்டேனே.

தை பிறந்தபோது அத்தை மெலிந்திருந்தாள். ஆனால் வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. சிரிப்பும் நின்றுவிட்டது. மாத விலக்கானால் பெண்கள் ஒதுங்கி இருக்கிற குடிசை ஒன்று எங்கள் ஊர்க் கோடியில் உண்டு. யார் எப்போது போனார்கள், யார் போகவில்லை என்ற கணக்கு ஊருக்கே தெரியும். அத்தை மூன்று மாதமாக அந்தப் பக்கம் போகவில்லை. பெரியம்மா அதை ஊற்றடியில் தண்ணீர் மொள்ளும்போது சொன்னாள். மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நீங்கள் மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் பார்த்த கதைகளை வைத்து எங்களை எடை போடாதீர்கள். புருசன் செத்த பெண்ணுக்கு வயிற்றில் வந்துவிட்டால் எங்களில் யாரும் அரிவாள் எடுப்பதில்லை. ஊர்க் கூட்டத்தில் ஆளின் பேரைச் சொன்னால் போதும். அவனைக் கூப்பிட்டுச் சேர்த்துவைத்துவிடுவார்கள், பிள்ளைக்குத் தகப்பன் கிடைத்துவிடுவான், அடுத்த நாள் எல்லோரும் வேலைக்குப் போவார்கள். பேர் மட்டும் சொல்ல வேண்டும்.

கூட்டம் பலாமரத்தடியில் நடந்தது. ஊர்க்கவுண்டர் கெட்டவர் இல்லை. கெஞ்சுகிற குரலில்தான் கேட்டார்.

"பேரச் சொல்லு தாயி. அடிக்கப் போறதில்ல, ஒதைக்கப் போறதில்ல. ஆளக் கூப்புட்டு ஊடு சேத்தி வெச்சிடறோம்."

"ஆளே இல்லீங்க" என்றாள் அத்தை. "இல்லாத ஆளுக்கு நான் என்ன பேருங்க வெக்கறது?"

"அப்ப வயித்துல இருக்கறது காத்தா?" என்று யாரோ கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

"என்னமோ நோவுங்க. சோறு எறங்க மாட்டேங்குது. காலு வீங்குது."

"மாசமானா காலு வீங்கத்தான் செய்யும். நாங்க பெக்கலயா?" என்றாள் பெரியம்மா. அப்புறம் அவளே அத்தை பக்கம் குனிந்து, "யாரு பேரையாச்சும் சொல்லித் தொலையேன்டி. ஆருக்கு என்ன நட்டம்?" என்றாள். அப்பா ஒரு குச்சியால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

அப்போது மிளகுக்காரர் எழுந்தார். திருப்புலி நாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் மிளகுக் கொடி போட்டவர். பெண்சாதி இல்லாதவர், யாரோடும் அதிகம் பேசாதவர். "ஏனுங்க, என் பேரப் போட்டுக்கங்க. நான் ஏத்துக்கறேன்" என்றார். ஊர்க்கவுண்டர் முகத்தில் அப்பாடா என்று இருந்தது.

அத்தை அவரைக் கும்பிட்டாள். "உங்க மனசுக்குக் கோடிப் புண்ணியமுங்க. ஆனா உங்க பேரச் சொன்னா நான் பொய்க்காரி ஆயிருவேன், நீங்க கெட்டவரு ஆயிருவீங்க. ரெண்டும் நடக்காத காரியமுங்க."

எனக்கு அன்று கோபமாக வந்தது. சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமே, இந்த அத்தை ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று. பொய் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. பொய் சொல்ல மாட்டேன் என்று ஒருத்தி சோற்றையும் தண்ணீரையும் இழப்பாள் என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது.

பேர் சொல்லும் வரை அவள் ஊரோடு புழங்கக் கூடாது என்று முடிவானது. ஊற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது, யார் வீட்டிலும் நெருப்பு வாங்கக் கூடாது, யாரும் அவளுக்குச் சமைத்த சோறு கொடுக்கக் கூடாது. மேட்டுக்காட்டில் காவலுக்குப் போட்ட கொட்டகையில் இருந்துகொள்ளலாம். அவள் தானியம் அவளுக்கு. நல்லவர்கள் கூடி எடுத்த முடிவு. பிடிவாதம் நாலு நாளில் இறங்கிவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். அப்பாவே அந்தச் சாமையைத் தலையில் சுமந்து கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார்.

அவள் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்களே தவிர, சிறுபிள்ளை கொண்டுபோகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா தினம் ஒரு குடத்தில் தண்ணீரும், மடியில் உப்பு மிளகாயும் கொடுத்து என்னை அனுப்பினாள். தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவான். அத்தை சாமைச் சோற்றில் மலைவாழைப் பழத்தைப் பிசைந்து அவனுக்கு ஊட்டுவாள். பழம் சேர்ந்தால் அவனுக்குக் கசப்புத் தெரியாது. நான் ஒருநாள் ஒரு வாய் வாங்கித் துப்பிவிட்டேன். "கசக்குது அத்தே."

"உனக்குமா? நான் என் நாக்குத்தான் செத்துப்போச்சுன்னு இருந்தேன்" என்றாள். அதற்குமேல் அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. காய்ந்த வருடத்துத் தானியம் கசக்கும் என்று அம்மா சொன்னாள்.

"அத்தே, பாப்பா எப்பப் பொறக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன். அவளுக்கு வந்த கோபத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. என் கையை இழுத்து வயிற்றின் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் தன் கையால் தட்டினாள். என் கைக்குக் கீழே அலை வந்தது. நான் தினம் இடுப்பில் சுமந்து வரும் குடத்தில் தளும்புமே, அதே தளும்பல்.

"என்ன இருக்குது, சொல்லு."

"தண்ணி."

"ஆங். உன் கண்ணுக்கும் கைக்கும் தெரியறது ஊருக்குத் தெரியல பாரு. போய்ச் சொல்லு."

ஓடினேன். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். "அத்தை வயித்துல தண்ணிதான்மா இருக்குது. நான் தொட்டுப் பாத்தேன்" என்றேன். அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "வாய மூடிட்டு இரு" என்றாள். அடி விழும் என்று நினைத்தேன், விழவில்லை.

பங்குனியில் ஒரு காலை, தண்ணீர்க் குடத்தோடு போனபோது கொட்டகைப் படல் திறந்திருந்தது. அத்தை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துச் சத்தம் போடாமல் குடத்தை வைத்தேன். அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டேன், விளக்குமாறு எடுத்துப் பெருக்கினேன். எழுந்ததும் பாராட்டுவாள் என்று. தம்பி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தான். பழத்தை அவள் வாயில் வைத்தான். அது வழுக்கிக் கீழே விழுந்தது. இரண்டாம் தடவையும் வைத்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் என்றே அவளை எடுத்தார்கள். அப்படிச் செத்தவளின் பாரம் இறங்காது, பாதையில் நின்று போவோர் வருவோரைப் பிடிக்கும் என்று ஊருக்குப் பயம். அந்தப் பாரத்துக்காகச் சுமைதாங்கிக் கல் வைப்பார்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கிவைத்து இளைப்பாறினால் அவள் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. மிளகுக்காரர்தான் பலகைக் கல்லைச் செதுக்கிக் கொண்டுவந்தார். யாரும் கேட்காமல் செய்தார். "பாத்தியா, அவனேதான்" என்று ஊர் பேசிக்கொண்டது. அந்த மனுசன் அடுத்த மழைக்குமுன் கொடிகளை அப்படியே விட்டுவிட்டுத் திருப்புலி நாட்டுக்கே போய்விட்டார்.

சித்திரையில் தம்பிக்கு வயிறு வீங்கியது.

நாலு வயதுப் பையன். ஊர்க்கவுண்டர் வந்து பார்த்தார். யார் பேரைச் சொல்லச் சொல்வது என்று அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். நானும் அம்மாவும் பின்னால் ஓடினோம். அந்தப் பஸ்சில் நான் முதல் தடவை ஏறியது அன்றுதான்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. தம்பியின் வயிற்றில் ஒரு பக்கம் கை வைத்து மறுபக்கம் தட்டினாள். அத்தை செய்த மாதிரியே. "தண்ணி கோத்திருக்கு" என்றாள். என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டாள். பெரியவர்கள் சொல்வதற்குமுன் தம்பியே, "அத்தை சோறு" என்றான்.

"அந்த அத்தையக் கூட்டிட்டு வாங்க. அந்தத் தானியத்தையும் கொண்டு வாங்க."

"அவ ஊருக்குப் போயிட்டாளுங்க" என்றார் அப்பா. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்பா மறுநாளே மலை ஏறிக் கொட்டகையில் மிச்சமிருந்த சாமையைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். டாக்டரம்மா வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பரப்பி, பேனா முனையால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சாமைக்கு நடுவே பளபளவென்று, அவரை விதையைச் சுருக்கிச் சுருக்கி எறும்புத்தலை அளவுக்கு ஆக்கியது போல் வேறொன்று. ஒன்றிரண்டு இல்லை. காகிதம் முழுக்க இருந்தது.

"இது என்னன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

எனக்குத் தெரிந்தது. காதில் வைத்துக் குலுக்கி, உடைத்து, உள்ளங்கையில் கொட்டி எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். "கிலுகிலுப்பை விதைங்க" என்றேன்.

"இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"தெரியாதுங்க."

அது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட எளிதாக வந்தது.

"இதுவாத்தான் இருக்கணும். ஈரலக் கெடுத்துரும். இனி ஒரு மணி உள்ள போகக் கூடாது" என்றாள் டாக்டரம்மா. பிறகு அப்பாவைப் பார்த்து, "ஊட்டுல வேற யாருக்காச்சும் இப்படி வயிறு வீங்குச்சா?" என்றாள்.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். "இல்லீங்க" என்றார்.

தம்பி பிழைத்துவிட்டான். மூன்று மாதம் ஆனது. இன்று அடிவாரத்தில் லாரி ஓட்டுகிறான், மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டான். அத்தை என்று ஒருத்தி இருந்ததே அவனுக்கு நினைவில் இல்லை. அவனுக்கு வாழைப்பழம் மட்டும் பிடிக்காது, ஏன் என்று கேட்டால் தெரியாது என்பான்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பாவும் ஊர்க்கவுண்டரும் பலாமரத்தடியில் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். நான் மரத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன். "செத்தவ இனித் திரும்பவா போறா?" என்றார் ஊர்க்கவுண்டர். "இப்பச் சொன்னா நாமதான் கொன்னோம்னு ஆயிரும். கல்லு வேற நட்டாச்சு. நட்ட கல்லப் புடுங்கக் கூடாது." அப்பா ஆமாங்க என்றார். அடுத்த மழைக்கு விதைப்பு ஆனதும், கிலுகிலுப்பையை ஒன்று விடாமல் பிடுங்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னார்கள். பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள். கூடாதுன்னா கூடாது என்று பதில் வந்தது.

அந்த வருடம் களையெடுப்பில் நான் எல்லாப் பூவையும் திருப்பிப் பார்த்தேன். எங்கள் காட்டில் மட்டும் இல்லை, பெரியம்மா காட்டில், யார் யார் காட்டிலோ. விரல் முனையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. என்ன சுறுசுறுப்பான பெண் என்று ஊர் மெச்சியது. தகரப் பெட்டியை அப்பா சந்தையில் போட்டுவிட்டார். கண்ணாடியை மட்டும் பெயர்த்துத் தரச் சொல்லிக் கேட்டேன், கொடுக்கவில்லை.

நாற்பது வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை. என் புருசனிடம்கூட. அம்மா கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது நான்தான் கூட இருந்தேன். ஒரு மத்தியானம், அவளுக்குக் கஞ்சி புகட்டி வாய் துடைத்துவிட்டு, இனி சொல்லாவிட்டால் எப்போதும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்னைக்கு அத்தை காட்டுல நான் களை எடுக்கல. பாதியில பஸ்ஸப் பாக்கப் போயிட்டேன். முடிச்சுட்டேன்னு பொய் சொன்னேன். அவளக் கொன்னது நான்தான்."

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"நீ சின்னப்புள்ள" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, விட்டு விட்டுப் பேசினாள். "அந்த வருசம் எனக்குந்தான் மூணு மாசம் தூரம் நின்னுபோச்சு கண்ணு, குடிசைப் பக்கமே போகல. ஒடம்புல ரத்தம் இருந்தாத்தானே வரும். பட்டினி. உம்பட பெரியம்மாளுக்கும் நின்னுச்சு. ஊருல பாதிப் பொம்பளைங்களுக்கு நின்னுச்சு. எல்லாம் எங்களுக்குத் தெரியும்."

"அப்பறம் ஏம்மா யாரும் கேக்கல?"

"எங்களுக்கெல்லாம் புருசன் இருந்தான்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"கூட்டத்துல நீங்க யாராச்சும் ஒருத்தர் அதச் சொல்லியிருந்தா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் எழுந்தபோதுதான் பதில் வந்தது.

"சொல்லியிருந்தா, நோவுக்காரின்னு அவ நம்ம ஊட்டுல உக்காந்து, உங்களுக்கே பத்தாத நம்ம பானைச் சோத்தத் தின்னிருப்பா."